நிறையாத குடம்

(வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



உள்ளே வரும்போது ஒரு நண்பர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "கிரிக்கெட்டுக்கே நேரம் போதவில்லை. இதில் பேஸ்பால் ஆடின ஒருத்தரைப் பற்றி ஒரு மணி நேரமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு மணி நேரம் ஆகாது என்று மட்டும் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் 'அடக்கம்' என்றால் பணிவு. இறந்தவரை மண்ணில் வைப்பதற்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். வாழும்போது அடக்கமாக இருந்த ஒருவரை, அவர் அடக்கமான பிறகு ஓர் ஊர் எப்படி நினைத்துக்கொண்டது என்பதுதான் இன்றைய பேச்சு. ஆள் பெயர் டோனி க்வின். ஊர், அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கும் சான் டியேகோ.

அந்த ஊர் அணியின் பெயர் பாட்ரேஸ். 1769-இல் ஸ்பானியப் பாதிரிமார்கள் அங்கே ஒரு மிஷன் கட்டினார்கள். அணியின் பெயர் அந்த நினைவில் வந்தது. பாட்ரே என்றால் நம்முடைய பாதிரிதான். போர்த்துக்கீசியர் கப்பலில் நமக்கு வந்த சொல்லும், ஸ்பானியர் வழியாக அவர்களுக்குப் போன சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அந்த அணிக்கு மட்டுமே இருபது ஆண்டுகள் ஆடிய க்வினை ஊர் மக்கள் 'மிஸ்டர் பாட்ரே' என்றார்கள். 'பாதிரியார்' என்று நாம் மொழிபெயர்த்தால் அவரே சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2014 ஜூன் 16 அன்று, 54 வயதில், அவர் இறந்துபோனார். நான் அப்போது மகள் வீட்டில், அதே ஊரில் இருந்தேன். பேஸ்பாலில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. மறுநாள் காலை நடக்கப் போனால், எதிரில் வருகிறவர்களில் பாதிப் பேர் முதுகில் 19 என்ற எண் போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். யாரோ பெரியவர் போய்விட்டார் என்பது மட்டும் புரிந்தது. அன்று மாலை பெட்கோ பார்க் மைதானத்துக்குப் பின்னால், புல்மேட்டில் நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையைப் பார்க்கப் போனேன். அடியில் பூங்கொத்துகள், தொப்பிகள், பேனாவால் எழுதிய பந்துகள், மெழுகுவர்த்திகள். நம் ஊரில் தலைவர் ஒருவர் இறந்தால் எழும் கூச்சல் அங்கே இல்லை. வரிசை, தள்ளுமுள்ளு எதுவும் இல்லை. வந்தார்கள், வைத்தார்கள், நின்றார்கள்.

என் பக்கத்தில் சீருடை அணிந்த ஒரு பேருந்து ஓட்டுநர் நின்றார். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். "அவர் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் அவர் சிரிப்பையாவது கேட்டிருக்கிறீர்களா?" அதுவும் இல்லை. உடனே அவர் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். பருத்த உடம்புக்குள்ளிருந்து கீச்சென்று மேலே ஏறிப் போகும் சிரிப்பு. சுற்றி நின்றவர்கள் சட்டென்று திரும்பினார்கள். "அதேதான்!" என்று ஓர் அம்மாள் கைதட்டினார். எல்லோரும் சிரித்தோம். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்திவிட்டோம்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அந்தப் படிப்பைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஆட்டம். கிரிக்கெட் தெரிந்த நமக்குப் பேஸ்பாலில் முதல் அதிர்ச்சி, தோல்வியின் அளவு. பந்து வீசுகிற பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே சுமார் பதினெட்டரை மீட்டர் தூரம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, தரையில் படாமலே அரை விநாடிக்குள் வந்துவிடும். நம் மட்டையைப் போலத் தட்டையான முகம் அங்கே இல்லை. மட்டையும் உருண்டை, பந்தும் உருண்டை. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை சரியாக அடித்து முதல் பேஸை எட்டினால் (அந்த அடிக்கு 'ஹிட்' என்று பெயர்) அவர் நட்சத்திரம். ஏழு முறை தலைகுனிந்து திரும்புகிறவனைத்தான் அந்த ஊர் கொண்டாடுகிறது. பிராட்மனின் 99.94-ஐ மனப்பாடமாக வைத்திருக்கும் நமக்கு இது விசித்திரமாகப் படும்.

க்வின் 9,288 வாய்ப்புகளில் 3,141 ஹிட் அடித்தார். சராசரி .338. அதாவது ஆயிரத்துக்கு 338. இன்றைய இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த சராசரிக்கான பட்டத்தை எட்டு முறை வென்றார். முதல் ஆண்டான 1982-இல் மட்டும் .289, அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் ஒருமுறைகூட .300-க்குக் கீழே இறங்கவில்லை. எண்களில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பந்தை மூன்று முறை தவறவிட்டு வெளியேறுவதை ஸ்ட்ரைக் அவுட் என்பார்கள். இன்றைய பெரிய அடிகாரர்கள் பலர் ஓர் ஆண்டிலேயே 150 முறை அப்படி வெளியேறுகிறார்கள். க்வின் இருபது ஆண்டுகளில் மொத்தமே 434 முறை. அந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவரான கிரெக் மேடக்ஸை 107 முறை எதிர்கொண்டார். மேடக்ஸால் ஒரே ஒரு முறைகூட அவரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்க முடியவில்லை.

இது எப்படி முடிந்தது? பார்வை நன்றாக இருந்தது, கை விரைவாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவரே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கேதான் அடக்கம் என்ற சொல்லை நான் மறுபடி யோசிக்க வேண்டி வந்தது.

1983-ஆம் ஆண்டு. க்வினுக்கு 23 வயது. குளிர்காலத்தில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, பாதி பருவத்தில் திரும்பி வந்திருக்கிறார். வெளியூர் ஆட்டங்களில் பந்து சிக்கவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "டிவியில் ஆட்டம் வரும்போது பதிவு செய்து வை" என்று மனைவி அலிசியாவிடம் சொல்கிறார். அப்போதுதான் வீடுகளுக்குள் விசிஆர் நுழைந்துகொண்டிருந்த நேரம். நம் ஊரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடிப் படம் பார்த்ததே, அந்தப் பெட்டிதான். ஊர் திரும்பியதும் அதன் முன்னால் உட்கார்ந்து தன்னைத்தானே பார்க்கிறார். ஓட்டுகிறார், நிறுத்துகிறார், பின்னால் தள்ளுகிறார், மறுபடி ஓட்டுகிறார். தவறு கண்ணில் படுகிறது. அதைத் திருத்துகிறார். அடுத்த ஆண்டு .351 அடித்து முதல் பட்டம் வாங்குகிறார். அணியும் முதல்முறையாக உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டி வரை போகிறது.

நம்மில் பெரும்பாலோர் அங்கே நிறுத்தியிருப்போம். நோய் தீர்ந்தது, மருந்தை மூடி வைத்தாயிற்று. க்வின் நிறுத்தவில்லை. வெளியூர்ப் பயணங்களுக்கும் பதிவுக் கருவிகளைப் பெட்டியில் சுமந்துகொண்டு போனார். விடுதி அறையில் அன்றைய ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தார். 'கேப்டன் வீடியோ' என்று சக வீரர்கள் கேலி செய்தார்கள். இன்று எல்லா அணிகளிலும் வீடியோவுக்கென்று தனி அறையும் ஆட்களும் இருக்கிறார்கள். அன்று அது ஒரு மனிதர் தன் மனைவியோடு சேர்ந்து வீட்டுக் கூடத்தில் செய்த குடிசைத் தொழில்.

அவர் அடித்த முறையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அவரைப் போன்ற இடது கை பேட்டர்கள் பெரும்பாலும் பந்தை முன்கூட்டியே சந்தித்து வலப்பக்கம் ஓங்கி அடிப்பார்கள். தூரம் போகும், கைதட்டல் வரும். க்வின் கொஞ்சம் காத்திருந்து, பந்து உடம்பருகே வந்த பிறகு, சிறிய மட்டையால் இடப்பக்கம் தள்ளிவிடுவார். ஆட்டக் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு தடுப்பாளருக்கும் ஓர் எண் உண்டு. மூன்றாம் பேஸில் நிற்பவர் 5, அவருக்கு அடுத்த ஷார்ட்ஸ்டாப் 6. இருவருக்கும் இடையே இருக்கும் சந்துக்கு க்வின் '5.5' என்று பெயர் வைத்திருந்தார். எதிரணிக்கும் அது தெரியும். பந்து அங்கேதான் வரும் என்று காத்திருப்பார்கள். வரும், ஆனாலும் இருவருக்கும் நடுவே போய்விடும். வேலியைத் தாண்டும் 'ஹோம் ரன்' அடிக்கு ஆசைப்படாமல், நாலு அடிச் சந்து போதும் என்று இருந்தவர் அவர்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு கிழவர் வந்து, "நீ அடிப்பது போதாது" என்று சொல்கிறார். அந்தக் கிழவர் டெட் வில்லியம்ஸ். 1941-இல் .406 அடித்தவர். அதற்குப் பிறகு அந்த .400 கோட்டை அந்த இரண்டு லீகுகளிலும் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அவரும் சான் டியேகோவில் வளர்ந்தவர்தான். வாய் கொஞ்சம் கடுமை. உடம்பை ஒட்டி வரும் பந்தை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்காதே, இழுத்து அடி என்கிறார். அப்போது க்வினிடம் நான்கு பட்டங்களாவது இருக்கின்றன. நாமாக இருந்தால், "பெரியவர் ஏதோ சொல்கிறார்" என்று தலையாட்டிவிட்டு வந்திருப்போம். க்வின் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகினார். 1997-இல், 37 வயதில், உடம்பு கனத்து முழங்கால் தேய்ந்த பிறகு, 220 ஹிட்டும் 17 ஹோம் ரன்னும் அடித்தார். அவருடைய வாழ்நாளில் அதிக ஹோம் ரன் அடித்த ஆண்டு அதுதான். எட்டாவது பட்டமும் அந்த ஆண்டுதான் வந்தது.

நிறைகுடம் தளும்பாது என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். க்வினைப் படித்த பிறகு அந்தப் பழமொழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் குடம் நிறைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு தளும்பாமல் இருப்பவர் அடக்கத்தைப் பழகிக்கொண்டவர். க்வினுக்கோ குடம் நிறைந்துவிட்டது என்ற எண்ணமே வரவில்லை. பட்டம் வாங்கிய மறுநாளும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து எங்கே ஓட்டை என்று தேடியவர், பெருமையடித்துக்கொள்ள எப்போது நேரம் ஒதுக்குவார்? அவர் வாயடக்கம் உள்ளவரும் அல்ல. நன்றாகப் பேசுவார், மட்டையடியைப் பற்றிக் கேட்டால் எதிரணிக்காரருக்குக்கூட உட்கார்ந்து விளக்குவார். ஆகவே அடக்கம் வாயில் இல்லை. கற்றுக்கொள்ள இன்னும் பாக்கி இருக்கிறது என்ற நினைப்பில் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு அவரை ஒரு மகானாக நினைத்துவிடாதீர்கள். 1990-இல் சக வீரர்கள் சிலரே அவரைக் குறை சொன்னார்கள். அணிக்காக ஆடவில்லை, தன் சராசரிக்காக ஆடுகிறார் என்றார்கள். அவருக்கு அது ஆழமாக வலித்தது. ஒரே வேலையில் மூழ்கிப் போகிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சில நேரம் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். ஊர் மக்கள் அந்தப் பக்கம் சாயவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

1994-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு க்வின் .394-இல் நின்றுகொண்டிருந்தார். அந்த லீகுகளில் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு .400-க்கு அவ்வளவு அருகில் யாரும் வந்ததில்லை. ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களும் உலகத் தொடரும் நடக்கவேயில்லை. 419 வாய்ப்புகளில் 165 ஹிட். அதே வாய்ப்புகளில் இன்னும் மூன்றே மூன்று ஹிட் வந்திருந்தால் .400 தாண்டியிருக்கும். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மூன்று, ஆயுள் முழுக்கத் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கும்! க்வின் அடுத்த மூன்று ஆண்டுகளும் பட்டம் வாங்கினார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சான் டியேகோ அன்று பணக்கார அணியாக இல்லை. பெரும்பாலும் தோற்ற அணி. அவர் ஆடிய இருபது ஆண்டுகளில் உலகத் தொடரை எட்டியது இரண்டே முறை, 1984-இலும் 1998-இலும். இரண்டிலும் தோல்வி. வேறு அணிகள் அதிகம் கொடுத்திருக்கும். இருந்தும் குறைந்த பணத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். 2007-இல் கூப்பர்ஸ்டவுன் ஊரில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, உடன் சேர்க்கப்பட்ட கால் ரிப்கனும் ஒரே அணிக்கு வாழ்நாள் முழுக்க ஆடியவர். அந்தச் சிறிய ஊரில் அன்று சுமார் 75,000 பேர் திரண்டதாகக் கணக்கு. ஊர் மாறாதவர்களைப் பார்க்க மக்கள் ஊர் விட்டு ஊர் போயிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு தான் படித்த சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் அணிக்குப் பயிற்சியாளரானார். முதலில் சம்பளமில்லாமல், பிறகு தலைமைப் பயிற்சியாளராக. பெரிய அணிகளில் பெரிய பதவி தேடிப் போகாமல், பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

2010-இல் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. இதை நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த அவையிலும் சிலர் சட்டைப்பையில் பொட்டலம் வைத்திருப்பீர்கள். பேஸ்பால் வீரர்களிடையே புகையிலையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல தலைமுறையாக உண்டு. க்வினும் இளவயதிலிருந்தே அப்படித்தான். தன் நோய்க்கு அதுதான் காரணம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு வந்த வகைப் புற்றுநோய்க்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வாய்ப்புற்றுக்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பில் அப்படி எந்தச் சந்தேகமும் இல்லை; நம் ஊர் மருத்துவமனைகளுக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் இறந்த பிறகு சில வீரர்கள் பழக்கத்தை விடுவதாக அறிவித்தார்கள். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரம் விளையாட்டு மைதானங்களில் மெல்லும் புகையிலையைத் தடை செய்தது. 2016-இல் வீரர்களும் உரிமையாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், புதிதாக உள்ளே வருகிற வீரர்களுக்கு அது தடையாயிற்று.

அறுவைச் சிகிச்சையில் முகத்து நரம்பு பாதிக்கப்பட்டது. ஒரு பக்கம் முகம் அசையவில்லை. சிரிக்க முடியவில்லை. அந்தப் பேருந்து ஓட்டுநர் என்னிடம் ஏன் சிரிப்பைப் பற்றிக் கேட்டார் என்பது, இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இறப்பதற்குச் சில நாள்கள் முன், நோயோடு போராடிய நிலையிலும், பல்கலைக்கழகத்தோடு இன்னும் ஓர் ஆண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார்.

ஜூன் 26 அன்று பெட்கோ பார்க்கில் நினைவுக்கூட்டம். மாலை 7.19-க்குத் தொடங்கியது. இருபத்து நான்கு மணிக் கணக்கில் பார்த்தால் 19:19. அவருடைய சட்டை எண் இரண்டு முறை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆட்டம் இல்லாத மைதானத்தில், வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் மேல் வரிசையில் ஓர் ஓரத்தில் இருந்தேன். 3,141 என்ற எண்ணை ஓரிரு முறைதான் கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசிக்கொண்டதெல்லாம் கையெழுத்து வாங்கிய நாள், கை குலுக்கிய நாள், அப்பாவோடு வந்து பார்த்த முதல் ஆட்டம் இவை பற்றித்தான்.

நான் படித்தவற்றில் கடைசிக்கு என்று இரண்டு காட்சிகளை ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஒன்று, 1999 ஜூலை, பாஸ்டன் நகரில் ஃபென்வே பார்க். நட்சத்திர ஆட்டத்தின் முதல் பந்தை வீச டெட் வில்லியம்ஸ் வந்திருக்கிறார். எண்பது வயது. கால் தள்ளாடுகிறது, கண் மங்கிவிட்டது. பந்தை எந்தத் திசையில் வீசுவது என்று சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் க்வின் நிற்கிறார். கிழவரின் கையைப் பிடித்து நிலைப்படுத்தி, பந்து பிடிப்பவர் எங்கே நிற்கிறார் என்று காட்டுகிறார். கற்றுக்கொடுத்தவருக்குத் திசை காட்டுகிற கை. எட்டுப் பட்டங்களை ஒரு தட்டிலும் இதை மறு தட்டிலும் வைத்தால், எனக்கு இந்தத் தட்டுதான் தாழ்கிறது.

இரண்டாவது, 2001 அக்டோபர் 7. க்வினின் கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். அன்று அவருடைய அணியிலேயே ரிக்கி ஹெண்டர்சன் என்ற மற்றொரு பெரிய வீரர் 3,000-ஆவது ஹிட்டுக்கு ஒன்று பாக்கியாக நின்றார். இது டோனியின் நாள், நான் குறுக்கே வரமாட்டேன் என்று ஒதுங்கப் பார்த்தார் ஹெண்டர்சன். க்வின் விடவில்லை. ஆடத்தான் வேண்டும் என்றார். ஹெண்டர்சன் ஆடினார், முதல் பந்திலேயே அடித்தார். தன் விடைபெறும் விழாவை இன்னொருவருடைய வெற்றி விழாவாக க்வின் ஆக்கிக் கொடுத்தார்.

அவருக்கு ஒன்பதாவது சுற்றில், மாற்று ஆட்டக்காரராக, ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. பந்தைத் தரையோடு இடப்பக்கம் அடித்தார். இருபது ஆண்டுகள் அவர் பந்தை அனுப்பிய பக்கம் அது. அன்று ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்துவிட்டார். அவுட்.

அந்தப் பேருந்து ஓட்டுநரிடம், "உங்களுக்கு அவருடைய எந்த அடி நினைவிருக்கிறது?" என்று கேட்டிருந்தேன். சிலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "கடைசியாக அடித்தது. ஷார்ட்ஸ்டாப்பிடம் போய்விட்டது." கொஞ்சம் நிறுத்தி, "அவுட் என்று தெரிந்தும் ஓடினார்" என்றார்.